டிஸ்க் பிரேக்கும் திருகு அளவியும்

காலை எட்டே முக்கால் மணிக்கு நம் பள்ளி வாயிலில் நின்று பார்த்தால், வந்து நிற்கும் வண்டிகளுள் பெரும்பாலானவை மோட்டார் சைக்கிள்களே. அப்பா ஓட்ட, பின்னால் அக்கா, நடுவில் தங்கை, பெட்ரோல் டாங்கின் மேல் இரண்டு புத்தகப் பைகள் என்று ஒரு குடும்பமே அதில் வந்து இறங்கும். அத்தனை பாரத்தையும் வாயிலருகே சட்டென நிறுத்துவது எது? முன் சக்கரத்தின் பக்கவாட்டில், துளைகள் இட்ட தோசைக்கல்லைப் போல் ஒரு பளபளப்பான வட்டத் தகடு தெரிகிறதல்லவா, அதுதான். இயந்திர நூல்கள் இதனை ரோட்டர் என்று கூறும். மெக்கானிக்குகள் ‘டிஸ்க்’ என்பர். நாமும் டிஸ்க் என்றே அழைப்போம்.

பதினோராம் வகுப்பு அறிவியல் பிரிவு மாணவியராகிய நாங்கள், இயற்பியல் சிஸ்டரின் அனுமதியுடன் ஆய்வகத்துத் திருகு அளவியைக் கையில் எடுத்துக்கொண்டு, பள்ளிக்கு அருகேயுள்ள ஒரு ஒர்க்‌ஷாப்பிற்கு இரண்டு சனிக்கிழமைகள் சென்று வந்தோம். அங்கே கண்டவற்றையும், பின்னர்ப் படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே தருகின்றோம். “பெண் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?” என்று கேட்ட பெரியவர்களும் உண்டு. வண்டி நிற்காமல் போனால் ஓட்டுகிறவரோடு சேர்ந்து விழுவது பின்னால் அமர்ந்திருக்கும் நாமும்தானே! தவிர, இன்று பள்ளிப் படிப்பு முடிந்தவுடன் நம்மில் பலர் சொந்தமாகவே வண்டி ஓட்டப் போகிறவர்கள்.

டிஸ்க் பிரேக் புதிய கண்டுபிடிப்பன்று. ஆங்கிலேயப் பொறியாளர் பிரெடரிக் லான்செஸ்டர் 1902 ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். 1953 இல் பிரான்ஸ் நாட்டு லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வெற்றி பெற்றபோதுதான் உலகம் இதனைத் திரும்பிப் பார்த்தது. 1962 இல் லாம்பிரெட்டா ஸ்கூட்டர் ஒன்றிலும், 1969 இல் ஹோண்டா சி.பி.750 மோட்டார் சைக்கிளிலும் இது இடம்பெற்றது. நம் நாட்டு வண்டிகளிலோ 1990களின் இறுதி வரை டிரம் பிரேக்கே பெருவழக்கு. டிரம் பிரேக்கில் எல்லாம் மூடிய பானைக்குள் நடக்கும். சூடு வெளியேற வழி குறைவு. டிஸ்க்கோ காற்று படும்படி வெளியே நிற்கிறது. வெளியே நிற்பதனாலேயே அதன் உடல்நிலையை யாரும் கண்ணால் பார்த்து அறியலாம் என்பது இன்னொரு வசதி.

வேலை செய்யும் விதம் பாஸ்கல் விதிதான். கைப்பிடியிலுள்ள லீவரை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரின் சிறிய பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியே சென்று, டிஸ்க்கைக் கவ்விப் பிடித்திருக்கும் காலிப்பரின் பெரிய பிஸ்டனை அடைகிறது. சிறிய பிஸ்டனின் பரப்பு 1 சதுர செ.மீ., பெரியதன் பரப்பு 5 சதுர செ.மீ. என்று கொண்டால் விசை ஐந்து மடங்காகிறது. பிஸ்டன் ஒரு பக்கத்துப் பிரேக் பேடைத் தள்ள, எதிர்விசையால் காலிப்பரின் கூடு நகர்ந்து மறுபக்கத்துப் பேடையும் இழுத்து வந்து டிஸ்க்கில் பதிக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதியை நாம் தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்கிறோம். இங்கே அது தினமும் பலமுறை வேலை பார்க்கிறது.

இனி ஒரு கணக்கு. வண்டி 140 கிலோ, அப்பா 70 கிலோ, மகள் 50 கிலோ. ஆக 260 கிலோ. மணிக்கு 60 கி.மீ. வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 16.7 மீட்டர். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இயக்க ஆற்றல் கிடைக்கும். அது சுமார் 36,000 ஜூல் ஆகிறது. 30 கி.மீ. வேகத்திற்கு இதே கணக்கைப் போட்டால் 9,000 ஜூல்தான். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு! ஆற்றலை அழிக்க முடியாது என்று படித்திருக்கிறோம். அப்படியானால் வண்டி நின்றதும் இந்த 36,000 ஜூல் எங்கே போயிற்று? வெப்பமாக மாறி டிஸ்க்கில் ஏறிவிட்டது. அதில் முக்கால் பங்கை 1 கிலோ எடையுள்ள முன் டிஸ்க் ஏற்கிறது என்று கொண்டால், எஃகின் வெப்ப ஏற்புத்திறனை வைத்துப் பார்க்க, ஒரே ஒரு முறை நிறுத்துவதில் அதன் வெப்பநிலை 50 டிகிரிக்கு மேல் உயர்கிறது. பத்து நிறுத்தங்கள் உள்ள கடைவீதி வழியே வந்த வண்டியின் டிஸ்க்கை விரலால் தொட்டுப் பார்க்கலாகாது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுவதில்லை. தம்பி தங்கையர் உள்ள வீட்டில் இதைச் சொல்லி வையுங்கள். துளைகளைக் கண்டால் விரலை விடத் தோன்றும் வயது அது.

அந்தத் துளைகள் அழகுக்காக இட்டவை அல்ல. டிஸ்க்கின் எடையைக் குறைப்பதற்கும், சூடு ஆறுவதற்கும், மழையில் படியும் நீரையும் பேடிலிருந்து உதிரும் தூளையும் வழித்தெறிவதற்கும் அவை உதவுகின்றன.

டிஸ்க் துருப்பிடிக்காத எஃகால் ஆனது. அப்படியென்றால் நம் வீட்டு எவர்சில்வர் டம்ளரும் அதுவும் ஒன்றா? நாங்கள் ஆய்வகத்துக் காந்தத்தைக் கொண்டு சோதித்தோம். எங்கள் சாப்பாட்டு டப்பாவில் அது ஒட்டவில்லை. டிஸ்க்கில் ‘டக்’கென்று ஒட்டிக்கொண்டது. டம்ளர் எஃகில் நிக்கல் முதலியவை கலந்து அதன் படிக அமைப்பே வேறாக இருக்கிறது. டிஸ்க்கில் குரோமியம் ஏறத்தாழ 12, 13 விழுக்காடு மட்டும் சேர்த்து, பழுக்கக் காய்ச்சிக் கடினமாக்குகிறார்கள். துருவை முற்றிலும் தடுக்க அந்தக் குரோமியம் போதாது. மழை இரவு முழுதும் நனைந்த வண்டியின் டிஸ்க்கில் காலையில் செம்பழுப்பாக ஒரு படலம் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். மெதுவாக ஓட்டி நாலைந்து முறை பிரேக் பிடித்தால் பேடே அதைத் துடைத்துவிடும். இதைப் போக்குவதற்கென்று தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

இப்போது திருகு அளவிக்கு வருவோம். டிஸ்க் நாளடைவில் தேயும். புதியதாக இருக்கையில் 4 அல்லது 5 மி.மீ. தடிமன் இருக்கும். எவ்வளவு வரை தேயலாம் என்பதை டிஸ்க்கின் மேலேயே சிறிய எழுத்தில் ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். 3.5 மி.மீ. என்றோ 4 மி.மீ. என்றோ இருக்கும்; வண்டிக்கு வண்டி மாறும். அழுக்கைத் துடைத்துவிட்டுத் தேடினால் தெரியும். எங்களுள் நால்வர் தத்தம் வீட்டு வண்டியில் தேடிப் பார்த்தனர். அப்பாக்களில் ஒருவருக்கும் அப்படி ஓர் எழுத்து இருப்பதே தெரிந்திருக்கவில்லை!

அளப்பதில் ஒரு நுட்பம் உண்டு. பேடு டிஸ்க்கின் ஓரம் வரை முழுவதும் உரசுவதில்லை. ஆகவே ஓரத்தில் தேயாத ஒரு வரப்பு நின்றுவிடுகிறது. வெர்னியர் அளவியின் நீண்ட தாடைகளை வைத்தால் அவை இந்த வரப்பின் மேல் உட்கார்ந்துகொண்டு, தேய்ந்த டிஸ்க்கையும் புதியது என்று பொய் சொல்லும். திருகு அளவியின் முனை சிறியது. வரப்பைத் தாண்டி உள்ளே உரசும் பகுதியில் வைக்கலாம். அதன் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. என்பதும் நமக்குத் தெரியும். முதலில் சுழிப்பிழை பாருங்கள். புரிக்கோல் அளவு 3 மி.மீ., தலைக்கோலில் 62 ஆம் பிரிவு ஒன்றுகிறது என்றால் தடிமன் 3.62 மி.மீ. பொறித்திருப்பது 3.5 என்றால் இன்னும் 0.12 மி.மீ. மட்டுமே மீதம். ஓரிடத்தில் அளந்து நிறுத்திவிடக் கூடாது. சுற்றிலும் ஆறு அல்லது எட்டு இடங்களில் அளந்து, அவற்றுள் மிகக் குறைந்த அளவையே கணக்கில் கொள்ள வேண்டும். சராசரி எடுப்பது நம் ஆய்வகப் பழக்கம். இங்கே அது உதவாது. சங்கிலி அறுவது அதன் மெலிந்த கண்ணியில் அல்லவா?

மெலிந்த டிஸ்க்கால் என்ன கேடு? உலோகம் குறைந்தால் வெப்பத்தை ஏற்கும் திறனும் குறைகிறது. அதே 36,000 ஜூல் குறைந்த எடையுள்ள தகட்டில் ஏறினால் சூடு கூடும். துளைகளைச் சுற்றி மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். டிஸ்க்கில் ஆங்காங்கே நீலநிறத் திட்டுகள் தெரிந்தால் அது அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கிறது என்று பொருள். வெடிப்புக் கண்ட டிஸ்க்கை அன்றே மாற்ற வேண்டும். நகத்தால் தடவும்போது தட்டுப்படும் ஆழமான கோடுகளும் நல்ல அறிகுறி அல்ல. “லேத் பட்டறையில் கொடுத்து மட்டம் தட்டி வாங்கிவிடலாம்” என்று சிலர் யோசனை கூறுவர். கார் டிஸ்க் கனமானது. அதற்கு அது பொருந்தலாம். மோட்டார் சைக்கிள் டிஸ்க்கோ மொத்தத்திலேயே தேயக்கூடிய அளவு அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். கடைந்தெடுத்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

பிரேக் பிடிக்கையில் லீவர் விரலுக்குள் ‘துடி துடி’ என்று அடித்தால் டிஸ்க் நேராக இல்லை என்பர். இதை ‘டிஸ்க் பெண்டு’ என்று மெக்கானிக் ஒரே சொல்லில் முடித்துவிடுவார். ஆனால் அதற்குள் இரண்டு காரணங்கள் ஒளிந்துள்ளன. ஒன்று, தகடு உண்மையாகவே கோணியிருப்பது. மற்றொன்று, தகடு நேராக இருந்தும் ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் மெலிந்தும் இருப்பது, அல்லது சூட்டில் பேடின் பொருள் அங்கங்கே அப்பிக்கொண்டிருப்பது. திருகு அளவியில் எட்டு அளவுகளும் ஒத்திருந்தால் இரண்டாவது காரணத்தில் முதற் பாதியை நீக்கிவிடலாம். கோணல் எவ்வளவு என்று பார்க்க ஒர்க்‌ஷாப்பில் டயல் கேஜ் வைத்திருந்தார்கள். பல வண்டிகளின் கையேட்டில் 0.3 மி.மீ. வரை பொறுக்கலாம் என்று காணப்படுகிறது. வீட்டில் பார்க்க ஒரு பென்சில் போதும். வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, பின்பக்கத்தை ஒருவர் அழுத்திப் பிடித்தால் முன் சக்கரம் மேலெழும். பென்சிலை ஃபோர்க்கில் நூலால் கட்டி, அதன் நுனி டிஸ்க்கை மயிரிழையில் தொடாமல் நிற்கச் செய்து, சக்கரத்தை டயரைப் பிடித்து மெல்லச் சுழற்ற வேண்டும். இடைவெளி கூடிக் குறைந்தால் கோணல் உண்டு. இதைச் செய்யும்போது விரல் காலிப்பர் பக்கமோ துளைகளின் பக்கமோ போகவே கூடாது. என்ஜினை ஓடவிட்டுப் பின் சக்கரத்தைத் துடைப்பதும் அப்படியே. சுழலும் துளையில் அகப்பட்ட விரல் திரும்பி வருவதில்லை.

கோணலுக்குக் காரணம் பல. வண்டி விழுந்திருக்கலாம். டிஸ்க்கில் பூட்டிய பூட்டை எடுக்க மறந்து வண்டியை நகர்த்தியிருக்கலாம். மலையிறங்கி வந்த சூட்டோடு சூடாகக் குளிர்ந்த நீரை ஊற்றியிருக்கலாம். சில சமயம் டிஸ்க்கில் குற்றமே இராது. அது உட்காரும் இடத்தில் துருவோ மண்ணோ இருந்து அதைச் சாய்த்திருக்கும்.

இனி எண்ணெய் விஷயம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் நடந்தது இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அப்பா வண்டியை வாட்டர் சர்வீஸுக்கு விட்டிருந்தார். நீர் பீய்ச்சிக் கழுவியபின் வண்டி மினுமினுக்க வேண்டும் என்பதற்காக அங்கிருந்த பையன் டீசல் கலந்த எண்ணெயைப் பிரே செய்திருக்கிறான். பல ஊர்களில் இது வழக்கம். மறுநாள் காலை மகளை ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கியவர் பிரேக்கைப் பிடித்தார். லீவர் கெட்டியாகத்தான் இருந்தது, வண்டிதான் நிற்கவில்லை. பின் பிரேக்கையும் மிதித்து, கியரைக் குறைத்து, வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் வண்டியை ஏற்றி நிறுத்தினார். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று.

இதைக் கணக்காகப் பார்ப்போம். நல்ல சாலையில் நொடிக்கு நொடி வேகம் 5 மீட்டர் வீதம் குறையுமாறு பிரேக் பிடித்தால், 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஏறத்தாழ 28 மீட்டரில் நிற்கும். எண்ணெய் பட்டு உராய்வு பாதியானால் அந்தத் தூரம் 56 மீட்டர். அதிகப்படியான அந்த 28 மீட்டருக்குள் ஒரு பள்ளிக்கூட வாயிலே அடங்கிவிடும்.

அந்த வண்டியை நாங்கள் ஒர்க்‌ஷாப்பில் பார்த்தோம். “டிஸ்கைத் துடைச்சுடலாம் சார், ஒண்ணும் ஆகாது. பேடுதான் எண்ணெய் குடிச்சிருக்கு” என்றார் மெக்கானிக். “கொஞ்சம் வெயில்ல காயவச்சுப் போட்டா ஆகாதா அண்ணா?” என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். “மேலே காயும்மா. சூடு ஏறினா உள்ளே இருக்கிறது வெளியே வரும். அன்னிக்கு மறுபடியும் நிக்காது.” பேடு நுண்துளைகள் நிறைந்தது என்பதால் அவர் சொன்னது முற்றிலும் சரி. எண்ணெய் பட்ட பேடை மாற்றுவதே முறை. டிஸ்க்கை மட்டும் பிரேக் கிளீனராலோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலோ துடைத்துச் சுத்தம் செய்யலாம். மண்ணெண்ணெய், டீசல், சோப்பு எண்ணெய், பாலிஷ், மேலே சொன்ன தேங்காய் எண்ணெய் ஆகிய எதுவும் டிஸ்க்கின் பக்கமே வரலாகாது. வண்டியை வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது “பிரேக் பக்கம் எண்ணெய் அடிக்காதீர்கள்” என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வரும்படி அப்பாவிடம் கூறுங்கள். செயினுக்கு எண்ணெய் விடும்போது பின் டிஸ்க்கின் மேல் ஒரு பழைய துணியைப் போட்டு மூடுங்கள். யாரும் எண்ணெய் விடாமலே டிஸ்க் ஈரமாக இருந்தால் ஃபோர்க்கின் ஆயில் சீல் கசிகிறதா என்று மேலே பார்க்க வேண்டும்.

2019 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் விற்கப்படும் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய இரு சக்கர வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. சக்கரம் இறுகிச் சறுக்காமல் அது காக்கும். டிஸ்க்கில் எண்ணெய் படிந்திருந்தால் அதனால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

சத்தங்களைப் பற்றிச் சுருக்கமாக: ‘கீச்’ என்ற சத்தம் பெரும்பாலும் தூசியாலோ, பேடின் முகம் கண்ணாடிபோல் இறுகியதாலோ வரும் அதிர்வு, சுத்தம் செய்தால் அடங்கும். ‘கரகர’ என்று இரும்பு இரும்பில் உரசும் சத்தம் வந்தால் பேடு முழுவதும் தீர்ந்து அதன் இரும்புத் தகடே டிஸ்க்கை அறுக்கிறது. அன்றைக்கு ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டும். ஒரு ஜோடி பேடின் விலையோடு போயிருக்க வேண்டியது, டிஸ்க்கின் விலையையும் சேர்த்து வாங்கிவிடும். பேடில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் மிஞ்சும்போதே மாற்றிவிடுவது சிக்கனம். காலிப்பரிலுள்ள கறுப்புத் தூளை வாயால் ஊதக் கூடாது. பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பதுண்டு. ஈரத் துணியால் துடைப்பதே நல்லது.

மலைப்பாதைக்கு மட்டும் ஒரு தனிக் கணக்கு. 260 கிலோ பாரம் 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் 25 லட்சம் ஜூலுக்கு மேல் ஆற்றல் வெளிப்படும். 36,000 ஆல் வகுத்துப் பாருங்கள், 60 கி.மீ. வேகத்திலிருந்து 70 முறை நிறுத்துவதற்குச் சமம். கொல்லிமலைச் சாலையில் கொண்டை ஊசி வளைவுகளும் எழுபதுதான் என்பது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. இத்தனை சூட்டையும் டிஸ்க்கின் தலையில் கட்டாமல், ஏறிய கியரிலேயே இறங்கி என்ஜினையும் தடுக்க விட வேண்டும். செலவைக் குறைக்கிறோம் என்று என்ஜினை அணைத்து நியூட்ரலில் இறங்குவோர் பிரேக் ஆயிலைக் கொதிக்க விடுகிறார்கள். டாட் 4 வகை ஆயில் புதியதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேர்ந்தபின் அதற்கு விதித்திருக்கும் கொதிநிலை வரம்பு 155 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் தோன்றும். திரவம்போலன்றி ஆவி அமுங்கிக் கொடுக்கும். லீவர் பஞ்சுபோல் கைப்பிடி வரை வந்துவிடும். பாஸ்கல் விதி அங்கே கைவிட்டுவிடுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்வது இதனால்தான்.

கைப்பிடியருகேயுள்ள சிறு ஜன்னலில் ஆயில் மட்டம் இறங்கியிருந்தால் உடனே ஊற்றி நிரப்பாதீர்கள். பேடு தேயத் தேயப் பிஸ்டன் முன்னே நகர்வதால் ஆயிலும் இறங்கும். மட்டம் இறங்கியது கசிவாலா, பேடு தேய்ந்ததாலா என்று முதலில் பார்க்க வேண்டும். பேடு தேய்ந்தபோது நிரப்பி வைத்தால், புதிய பேடு போடும் நாளில் ஆயில் வழிந்து டாங்கின் பெயிண்ட்டை உரித்துவிடும்.

புதிய டிஸ்க் பூட்டும்போது அதன் மேலுள்ள அம்புக்குறி சக்கரம் ஓடும் திசையைக் காட்ட வேண்டும். உட்காரும் இடத்தைத் துடைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். கடையிலிருந்து வரும் டிஸ்க்கில் துருவைத் தடுக்கப் பூசிய எண்ணெய் இருக்கும். அதை நீக்காமல் பூட்டினால் முன்னே சொன்ன கதைதான். பேடு மாற்றியவுடன் வண்டியை நகர்த்துமுன் லீவரைப் பலமுறை அழுத்திக் கெட்டியாக்கிக்கொள்வது முக்கியம். முதல் அழுத்தில் பிரேக் இராது. பிறகு முதல் 200, 300 கி.மீ. வரை மென்மையாகவே பிடித்துப் பழக்க வேண்டும். பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பொருந்திக்கொள்ள அவ்வளவு ஓட்டம் தேவைப்படுகிறது.

ஒர்க்‌ஷாப் அண்ணன் எங்களுக்குத் தேய்ந்த டிஸ்க் ஒன்றைத் தந்திருக்கிறார். அது இப்போது இயற்பியல் ஆய்வகத்தில் திருகு அளவிகளின் அலமாரிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. பொறித்திருக்கும் எண் மூன்றரை. கம்பியின் விட்டத்தையும் கண்ணாடித் தகட்டையும் அளந்து சலித்தவர்கள் எடுத்து அளந்து பார்க்கலாம். எட்டு இடங்களுக்கும் சாக்பீஸால் எண் இட்டிருக்கிறோம். அளந்தபின் மறக்காமல் ஆணியிலேயே மாட்டிவிடவும்.